ஸ்டிக்கரில் இருக்கிற பாஸ்வேர்ட்: வைஃபை செட்டிங்குகளுக்கும் ஒரு வரலாறு இருக்கு

நான் போர்டிங்கில் இருக்கிற வீட்டு அன்ரி போன மாதம் ஒருநாள், "பிள்ளை, இந்த வைஃபை பாஸ்வேர்ட்டை ஒருக்கா மாத்தித் தாறீரே? றோட்டில போறவன் வாறவனுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு" எண்டு கேட்டா. வரலாறு படிக்கிற ஆளிட்டக் கேக்கிறாவே எண்டு நினைச்சன். ஆனால் இந்தக் காலத்தில் இருபது வயசுக்காரருக்கு ரவுட்டர் தெரியாது எண்டால் ஒருத்தரும் நம்பமாட்டினம்.

ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர். நெட்வேர்க்கின் பெயர், வாயில் நுழையாத நீளமான ஒரு பாஸ்வேர்ட், செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போகிற முகவரி எல்லாம் அதில் இருந்தது. முகவரியை போனில் அடித்ததும் பக்கம் திறந்தது. நாடு, சனல், பாதுகாப்பு முறை, பாஸ்வேர்ட், டபிள்யூ.பி.எஸ்., அட்மின் பாஸ்வேர்ட் எண்டு வரிசையாகப் பெட்டிகள். வேலை ஐந்து நிமிசத்தில் முடிஞ்சுது.

ஆனால் சில கேள்விகள் மண்டைக்குள்ள நின்றுவிட்டன. ஒரு இயந்திரத்துக்குத் தான் எந்த நாட்டில் இருக்கிறேன் எண்டு ஏன் தெரிய வேணும்? பாதுகாப்பு முறையில் ஏன் நாலைந்து பெயர்கள்? எல்லாவற்றையும் விட, ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட் அச்சடித்து ஒட்டி அனுப்பும் இந்தப் பழக்கம் எப்ப வந்தது?

தேடிப் படித்தபோது ஒன்று விளங்கியது. இந்த ஸ்டிக்கர் ஆரம்பத்திலிருந்தே இருந்த ஒன்றல்ல. வைஃபை வீடுகளுக்குள் வந்த முதல் வருசங்களில் பெட்டிகள் பெரும்பாலும் பூட்டாமலே விற்கப்பட்டன. பூட்ட வேண்டியது வாங்கினவரின் பொறுப்பு. பிழை நடந்தால் அதுவும் வாங்கினவரின் பிழை. அந்தப் பொறுப்பு வாங்கினவரின் தலையிலிருந்து செய்தவரின் தலைக்கு மாறுவதற்கு இருபது வருசம் எடுத்தது. அந்த இருபது வருசக் கதைதான் இது.

ஒரு சின்ன விளக்கம். ரேடியோ அலையை அனுப்பி, வாங்கி, எங்கட போன்களை நெட்வேர்க்கோடு சேர்க்கிற கருவிக்குப் பெயர் அக்சஸ் பொயின்ட். பெரிய கட்டடங்களில் அது தனிப் பெட்டியாகக் கூரையில் பொருத்தப்பட்டிருக்கும். வீட்டில் அது ரவுட்டருக்குள்ளேயே இருக்கும். செட்டிங்ஸ் பக்கம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"நாடு" என்ற பெட்டி

முதலாவது பெட்டியின் கதை வைஃபைக்கு ஐம்பது வருசம் முந்தியது. 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச தொலைத்தொடர்பு மாநாட்டில், ரேடியோ அலைவரிசையின் சில துண்டுகளைக் கைத்தொழில், விஞ்ஞான, மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கினார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள துண்டும் அதில் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இதில்தான். செய்தி அனுப்புகிறவர்களைப் பொறுத்தவரை இது இரைச்சல் நிறைந்த, ஒருவருக்கும் வேண்டாத இடம்.

1985 மே மாதம் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவான எஃப்.சி.சி. ஒரு முடிவு எடுத்தது. ஒரு சக்தி வரம்புக்குள் நின்று, சமிக்ஞையை அகலமாகப் பரப்பி அனுப்பும் முறையைப் பின்பற்றினால், இந்தத் துண்டுகளில் அனுமதிப்பத்திரம் எடுக்காமலே யாரும் செய்தி அனுப்பலாம். வைஃபை பாவிக்க நாங்கள் இன்றைக்கு யாரிடமும் லைசென்ஸ் கேட்காமல் இருப்பதன் வேர் இங்கேதான் இருக்கு.

இதைப் பயன்படுத்த முந்திக்கொண்டது கடைகளுக்குக் காசுப் பதிவு இயந்திரம் செய்த என்.சி.ஆர். கொம்பனி. கடையின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் புதிதாக வயர் இழுக்கிற தலையிடியிலிருந்து தப்புவதுதான் அவர்களுடைய நோக்கம். அந்தக் கொம்பனியின் நெதர்லாந்துப் பிரிவில் வேலை செய்த விக் ஹேய்ஸ் தலைமையில் 1990இல் 802.11 என்ற குழு தொடங்கியது. ஏழு வருசம் கதைத்துக் கதைத்து 1997இல் முதலாவது தரநிலையை வெளியிட்டார்கள். அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட். 1999இல் 11 மெகாபிட் வந்தது. "வைஃபை" என்ற பெயரும் அப்ப வந்ததுதான். அது எதனுடைய சுருக்கமும் இல்லை. பெயர் வைக்கிற ஒரு நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கின பெயர்.

ஆனால் 1985 முடிவு அமெரிக்காவுக்கு மட்டும்தான். மற்ற நாடுகள் தங்கட தங்கட வசதிக்கு முடிவெடுத்தன. அமெரிக்காவில் 1 தொடக்கம் 11 வரை சனல்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 13. அந்த முதல் தரநிலையின்படி பிரான்சில் 10 தொடக்கம் 13 வரைதான், ஸ்பெயினில் 10, 11 மட்டும்தான், ஜப்பானில் 14ஆவது சனல் ஒன்றே ஒன்று. ஒரே ஃபக்டரியில் செய்த பெட்டி நாட்டுக்கு நாடு வேறு சட்டத்துக்கு அடங்க வேண்டும். அதனால் அதற்குத் தான் எங்கே இருக்கிறேன் என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. எங்கட நாட்டில் எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்று தீர்மானிப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அந்தப் பட்டியலில் "இலங்கை" என்று தெரிவு செய்வதன் அர்த்தம் அதுதான்.

திறந்தபடி வந்த பெட்டிகள்

அடுத்தது பாதுகாப்பு முறை. 1997 தரநிலையிலேயே ஒரு பூட்டு இருந்தது. பெயர் டபிள்யூ.ஈ.பி. வயரில் போகும் செய்திக்கு எவ்வளவு பாதுகாப்பு இருக்கோ அவ்வளவு இதற்கும் இருக்கும் என்பது அந்தப் பெயரின் கருத்து. ஆனால் அதன் இரகசியச் சாவியின் நீளம் வெறும் 40 பிட். அந்தக் காலத்தில் அமெரிக்கா பலமான குறியாக்கத் தொழில்நுட்பத்தை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. உலகம் முழுக்க விற்கிற பொருளுக்குப் பலவீனமான பூட்டுத்தான் போட முடிந்தது.

சாவி சின்னது என்பதோடு பூட்டும் பிழையாகக் கட்டப்பட்டிருந்தது. 2001இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதன் ஓட்டைகளை வெளியிட்டார்கள். அதே வருசம் ஃபுளூரர், மான்டின், ஷமிர் என்ற மூவர், காற்றில் போகும் தரவைப் போதிய அளவு சேர்த்தாலே சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். கொஞ்சக் காலத்தில் அதைச் செய்கிற மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தப் பலவீனமான பூட்டைக்கூட யாரும் போடவில்லை. பெட்டிகள் வந்தது பூட்டு "ஓஃப்" நிலையில். நெட்வேர்க்கின் பெயர் கொம்பனியின் பெயர், அட்மின் பாஸ்வேர்ட் "அட்மின்". ஃபக்டரியிலிருந்து வரும்போது இருக்கிற இந்த நிலைக்குத்தான் டிஃபோல்ட் எண்டு சொல்றது. வாங்கினவர் பிளக்கைச் சொருகினார், இன்டர்நெட் வந்தது, அதோடு சரி. காரில் லப்டொப்போடு சுற்றி இப்படித் திறந்து கிடக்கும் நெட்வேர்க்குகளைத் தேடுவது ஒரு பொழுதுபோக்காகவே மாறியது. 2002இல் லண்டனில் மட் ஜோன்ஸ் என்பவர் அதற்கு ஒரு குறியீட்டு மொழியையே உண்டாக்கினார். திறந்த நெட்வேர்க் இருக்கும் இடத்துச் சுவரில் முதுகோடு முதுகாக இரண்டு அரைவட்டம், பூட்டியது என்றால் ஒரு முழு வட்டம். அந்தக் காலத்து நாடோடித் தொழிலாளர்கள் சோறு கிடைக்கும் வீட்டுக்கு அடையாளம் போடுகிற மாதிரி.

இதை வெறும் களவு என்று மட்டும் பார்க்கக் கூடாது. இன்டர்நெட் பொதுச்சொத்தாக இருக்க வேணும் எண்டு நம்பி வேணுமெண்டே திறந்து வைத்தவர்களும் இருந்தார்கள். பிரச்சினை என்னவென்றால், வேணுமெண்டு திறந்து வைத்தவரையும் தெரியாமல் திறந்து விட்டவரையும் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழி இல்லை. இரண்டு பேருடைய செட்டிங்ஸ் பக்கமும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

2003இல் அவசரத்துக்கு டபிள்யூ.பி.ஏ. வந்தது. 2004இல் டபிள்யூ.பி.ஏ.2. ஆனால் புதிய பூட்டு வந்தால் பழசு தானாகக் கழன்று விழாது. அமெரிக்காவின் பெரிய கடைத்தொகுதியான டி.ஜே.எக்ஸ். நிறுவனத்துக்குள் 2005இல் திருடர்கள் புகுந்தது கடை வயர்லெஸ் வழியாக. கிட்டத்தட்ட ஒன்றரை வருசம் ஒருவருக்கும் தெரியவில்லை. குறைந்தது 4 கோடியே 57 இலட்சம் கார்டுகளின் விபரம் போனது என்று நிறுவனமே 2007இல் ஒப்புக்கொண்டது. டபிள்யூ.ஈ.பி.யை மாற்றுவதற்கு நிறுவனம் அதிக காலம் எடுத்துக்கொண்டது என்று கனடாவின் தனியுரிமை ஆணையாளர் குற்றம் சொன்னார். அது உடைந்தது என்று உலகத்துக்குத் தெரிந்து அப்போது நாலு வருசம் கடந்திருந்தது.

ஒரே நீதிமன்றம், இரண்டு தீர்ப்பு

டிஃபோல்ட்டை மாற்றாமல் விட்டால் யார் குற்றவாளி? இந்தக் கேள்வி வெளிப்படையாக நீதிமன்றம் ஏறியது ஜேர்மனியில்.

ஒரு பாட்டு. "எங்கள் வாழ்வின் கோடை" என்று கருத்து வரும் பெயர். 2006இல் ஒருவருடைய வீட்டு இணைப்பிலிருந்து அந்தப் பாட்டு சட்டவிரோதமாகப் பகிரப்பட்டது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் விடுமுறையில் வெளியில். யாரோ அவருடைய வைஃபையைப் பாவித்திருக்க வேண்டும். வழக்கு ஜேர்மனியின் சமஷ்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 மே 12ஆம் திகதி தீர்ப்பு: அவர் நட்டஈடு கட்டத் தேவையில்லை. ஆனால் ஃபக்டரி செட்டிங்கை அப்படியே விட்டதும், தனக்கென்று நீளமான ஒரு பாஸ்வேர்ட் போடாததும் அவருடைய பிழை. அதனால் இது மீண்டும் நடக்காமல் பார்க்கும் பொறுப்பு அவருக்கு உண்டு, எச்சரிக்கைக் கடிதத்தின் செலவும் அவருடையது.

தற்செயலாக, இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. ஸ்ட்ரீட் வியூவுக்காகத் தெருத்தெருவாகப் படம் எடுத்த தன்னுடைய கார்கள், பூட்டாத வைஃபைகளில் போன தரவையும் சேர்த்துப் பதிந்துவிட்டன என்று கூகிள் மே 14ஆம் திகதி அறிவித்தது. பூட்டாமல் விட்ட சாதாரண ஆளுக்குப் பொறுப்பு இருக்கு எண்டு நீதிமன்றம் சொன்ன அதே கிழமையில், பூட்டாததைப் பாவித்த பெரிய நிறுவனம் "தவறுதலாக நடந்துவிட்டது" எண்டு சொன்னது. இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு வாசிக்கேக்க கொஞ்சம் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

ஆறு வருசம் கழித்து 2016 நவம்பரில் அதே நீதிமன்றத்துக்கு அதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. இந்தமுறை ஒரு ஆங்கிலப் படம். இந்த வீட்டுப் பெண்ணும் ஃபக்டரி பாஸ்வேர்ட்டை மாற்றவில்லை. ஆனால் அது அந்தப் பெட்டிக்கு மட்டும் உரிய 16 இலக்க எண், பூட்டு டபிள்யூ.பி.ஏ.2. நீதிமன்றம் அவர் மீது பிழை இல்லை என்றது. ஒரே சாவியைப் பல பெட்டிகளுக்குப் போட்டிருந்தால் கதை வேறு, அதற்கு ஆதாரம் இல்லை என்றது.

இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் விட்டது. 2010இல் அது கவலையீனம், 2016இல் அது நியாயம். இடைப்பட்ட காலத்தில் வீட்டுக்காரர்கள் திருந்தவில்லை. நீதிமன்றம் டிஃபோல்ட்டைப் பார்க்கிற விதம்தான் மாறியது. செட்டிங்கைத் தொடாத ஆளைக் குற்றம் சொல்வதை விட்டு, செய்து அனுப்பினவர் என்ன போட்டு அனுப்பினார் என்று கேட்கத் தொடங்கியது. ஸ்டிக்கருக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பு கிடைத்தது இப்படித்தான்.

11,000 தடவையும் 60 பாஸ்வேர்டும்

செய்து அனுப்பினவர் மேல் பொறுப்பை ஏற்ற வேண்டும் என்பதற்கு வேறு இரண்டு சம்பவங்கள் நல்ல சாட்சி.

நீளமான பாஸ்வேர்ட்டை அடிக்கக் கஷ்டம் என்று 2007இல் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். ஒரு பட்டனை அமத்தலாம், இல்லாவிட்டால் 8 இலக்க பின் நம்பர் அடிக்கலாம். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியம். ஆனால் கடைசி இலக்கம் முதல் ஏழையும் வைத்துக் கணக்குப் பார்த்து வருவது. அதோடு பெட்டி முதல் நாலு இலக்கத்தையும் மிச்சத்தையும் தனித்தனியே சரிபார்த்துப் பதில் சொல்லும். ஆக முதல் பாதிக்கு 10,000, மறுபாதிக்கு 1,000. மொத்தம் 11,000 தடவை முயற்சி செய்தால் போதும், சில மணித்தியால வேலை. 2011 டிசம்பரில் ஸ்டீபன் வீபேக் என்ற ஆய்வாளர் இதை வெளியிட்டார். அந்த நேரம் இந்த வசதி ஏராளமான பெட்டிகளில் டிஃபோல்ட்டாகவே "ஓன்". எவ்வளவு நல்ல பாஸ்வேர்ட் போட்டிருந்தாலும் பின்கதவு திறந்துதான் இருந்தது.

இரண்டாவது 2016. மிராய் என்ற தீநிரல் ரவுட்டர்கள், கமராக்கள், வீடியோப் பதிவுப் பெட்டிகளைத் தேடிப் பிடித்தது. அதனிடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட ஃபக்டரி பெயர், பாஸ்வேர்ட் சோடிகளின் பட்டியல்தான் இருந்தது. ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கும், திறந்தால் உள்ளே போகும். அப்படிப் பிடித்த கருவிகளை வைத்து அந்த வருசம் ஒக்டோபர் 21ஆம் திகதி டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கு மணித்தியாலக் கணக்கில் வேலை செய்யவில்லை. மிராயை எழுதியதாக அடுத்த வருசம் ஒப்புக்கொண்ட மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட எங்கட வயசு.

இதற்குப் பிறகு சட்டமே வந்தது. 2018இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது, அது 2020 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இணையத்தோடு இணைகிற கருவியில் பாஸ்வேர்ட் இருந்தால், ஒவ்வொரு கருவிக்கும் அது வேறாக இருக்க வேண்டும், அல்லது முதல் தடவை பாவிக்கும்போதே மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டும். 2024 ஏப்ரலில் பிரித்தானியாவிலும் இப்படி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பூட்டு யாருடைய கையில்?

இதோடு முடித்தால் சந்தோசமான கதை. ஆனால் செய்தவர் கையில் எல்லாப் பொறுப்பையும் கொடுத்தால், எல்லா அதிகாரமும் அவர் கையிலேயே போகுமா என்ற கேள்வி இருக்கு.

2002 கடைசியில் லிங்சிஸ் கொம்பனி டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. அதற்குள் ஓடியது லினக்ஸ் என்று 2003இல் தெரியவந்தது. லினக்ஸின் அனுமதி நிபந்தனைப்படி, அதை வைத்துச் செய்து விற்றால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். கேள்வி எழுந்த பிறகு நிரல் வெளியே வந்தது. 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் பிறந்தது. கொம்பனி தராத செட்டிங்குகளை ஆட்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். பேர்ளினில் தொடங்கிய ஃபிறைஃபுங் என்ற தன்னார்வக் குழு இப்படி மாற்றிய மலிவு ரவுட்டர்களைக் கூரைக்குக் கூரை இணைத்து, யாரும் பாவிக்கக்கூடிய இலவச நெட்வேர்க்குகளை உருவாக்கியது. 2010 தீர்ப்பு இவர்களுக்குத்தான் பெரிய இடி. திறந்து வைத்தால் அடுத்தவன் செய்ததுக்கு நீ பதில் சொல்லு எண்டால் யார்தான் திறந்து வைப்பினம்? அந்தப் பொறுப்பை ஜேர்மன் பாராளுமன்றம் சட்டத்திலிருந்து எடுத்தது 2017இல்தான்.

அமெரிக்காவில் பிரச்சினை வேறு பக்கத்தால் வந்தது. விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் காலநிலையைக் கவனிக்கும் ராடர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குகின்றன. அங்கே வேலை செய்யும் அக்சஸ் பொயின்ட் முதலில் ஒரு நிமிசம் காதுகொடுத்துக் கேட்டு, ராடர் இல்லை என்றால்தான் பேசத் தொடங்க வேண்டும். தவறான செட்டிங்கில் ஓடிய கருவிகள் ராடரைக் குழப்பின. 2015 மார்ச்சில் எஃப்.சி.சி., வெளியார் எழுதிய மென்பொருளை ஏற்ற முடியாதபடி எப்படித் தடுப்பீர்கள் என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டது. பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அந்த வருச நவம்பரில், திறந்த மென்பொருளைத் தடை செய்வது எங்கள் நோக்கம் இல்லை என்று ஆணைக்குழு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

அடுத்த வருசம் ஓகஸ்டில் நடந்தது இன்னும் சுவாரசியம். டிபி-லிங்க் கொம்பனி அமெரிக்காவில் விற்ற சில ரவுட்டர்களில் "நாடு" என்ற பெட்டியை மாற்றினால் சக்தி வரம்பைத் தாண்டலாம். அதற்காகக் கொம்பனி 2 இலட்சம் டொலர் கட்டியது. ஆனால் அந்த இணக்கத்திலேயே இன்னொரு நிபந்தனையும் இருந்தது: வெளியார் எழுதும் திறந்த மென்பொருளை ரவுட்டரில் ஏற்றுவதற்குக் கொம்பனி வழி தேட வேண்டும். வரம்பை மீற விடாதே, ஆனால் மக்களை வெளியே வைத்தும் பூட்டாதே என்று ஒரே கடிதாசியில் எழுதப்பட்டது.

என்னைப் பொறுத்தவரை நியாயமான இடம் அங்கேதான் இருக்கு. ஒன்றும் தெரியாத ஆள் ஒன்றும் செய்யாமலே பாதுகாப்பாக இருக்க வேணும். தெரிஞ்ச ஆள் விரும்பினால் மாற்றக்கூடியதாகவும் இருக்க வேணும். முதலாவதை வெல்ல இருபது வருசம் எடுத்தது. இரண்டாவது இன்னும் இழுபறி. இப்ப வாற பல பெட்டிகளில் பாதிச் செட்டிங்குகள் பாவனையாளருக்குக் காட்டப்படுவதே இல்லை.

அன்ரி வீட்டில் நான் கடைசியில் மூன்று வேலை செய்தேன். வைஃபை பாஸ்வேர்ட்டை மாற்றினேன். அட்மின் பாஸ்வேர்ட்டையும் மாற்றினேன். பலர் மறக்கிறது இதைத்தான். முதலாவது வீட்டுக்குள் வருவதற்கு, இரண்டாவது வீட்டையே மாற்றி அமைப்பதற்கு. டபிள்யூ.பி.எஸ்.ஐ நிறுத்தினேன். "நாடு" என்ற இடத்தில் ஏற்கெனவே இலங்கை என்று இருந்தது, தொடவில்லை.

புதுப் பாஸ்வேர்ட்டுகளை ஒரு கொப்பித் தாளில் எழிதிக் குடுத்தன். அன்ரி அதை வாங்கி, மடிச்சு, ரவுட்டருக்கு அடியிலயே, அந்த ஸ்டிக்கருக்கு மேல ஒட்டி வைச்சிட்டா. "அப்பத்தானே பிள்ளை மறக்காது" எண்டா. அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல?